இறைச்சியில்லா உருண்டைகள் சாஸில் கரைந்துவிடுகின்றன: வீகன் ஸ்பெகெட்டி செய்து பழகியவர்கள் உதவுங்கள்

மகளின்_அம்மா:

வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு 16 வயது நிறைகிறது. எட்டு மாதங்களுக்கு முன்பு அவள் இறைச்சி, முட்டை, பால், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அதுவரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தக்காளி சாஸில் ஊறிய இறைச்சி உருண்டைகளோடு ஒரு தட்டு ஸ்பெகெட்டி. இந்த ஆண்டு என்ன வேண்டும் என்று கேட்டேன். "எதுவானாலும் சரி அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. விலங்குகளை உண்ண மாட்டேன் என்று முடிவெடுத்தவளுக்கு அந்தத் தட்டின் மேல் இருந்த ஆசை போய்விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரங்களில் மூன்று முறை முயன்றுவிட்டேன். முதல் முறை டப்பாவில் வந்த கறுப்பு பீன்ஸை மசித்து ரொட்டித்தூள் சேர்த்தேன். வெளியே முறுகியது, உள்ளே களி. இரண்டாம் முறை தோல் நீக்காத மைசூர்ப் பருப்பும் காளானும், முட்டைக்குப் பதிலாகத் தண்ணீரில் ஊறிய ஆளி விதைப் பொடியும். வாணலியில் அழகாகச் சிவந்தன. மகிழ்ந்துபோய், இறைச்சி உருண்டைகளுக்குச் செய்வதுபோலவே சாஸில் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிட்டேன். திறந்து பார்த்தால் 18 உருண்டைகளில் 5தான் மிஞ்சின. மற்றவை சாஸோடு சாஸாகிவிட்டன. மூன்றாம் முறை பயத்தில் கோதுமை மாவை அள்ளிக் கொட்டினேன். உடையவில்லை. ஆனால் கடிக்கவும் முடியவில்லை, பச்சை மாவின் வாடை வேறு.

முட்டை இல்லாமல் இவற்றை எப்படிப் பிடித்து நிறுத்துவது? சாஸில் கொதிக்கவிடவே கூடாதா? ஸ்பெகெட்டியிலும் சீஸிலும் நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன.

காளான்_கரண்டி:

அக்கா, உங்கள் இரண்டாம் முயற்சியைத் தோல்வி என்று சொல்லாதீர்கள். வாணலியில் உடையாமல் நின்றது என்றால் கலவை ஏறக்குறைய சரிதான். அந்த 20 நிமிடக் கொதிதான் கெடுத்துவிட்டது.

இறைச்சியை உப்பிட்டுப் பிசையும்போது அதன் புரதம் பசைபோல வெளியே வருகிறது. சூடு பட்டதும் இறுகுகிறது. முட்டையும் அப்படித்தான். ஒருமுறை இறுகியது மறுபடி இளகாது. அதனால்தான் இறைச்சி உருண்டை சாஸில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் உருண்டையாகவே இருக்கிறது. பருப்பு உருண்டையைப் பிடித்து வைத்திருப்பவை மாவுச்சத்தும் ஆளி விதையின் கொழகொழப்பும். இரண்டுமே நீரை உறிஞ்சித்தான் ஒட்டும் தன்மை பெறுகின்றன. கொதிக்கும் சாஸில் நீர் கிடைக்கக் கிடைக்க இன்னும் உறிஞ்சி, உப்பி, ஒன்றையொன்று விட்டுவிடும். எனவே உருண்டையைத் தனியாக முழுமையாக வேகவைத்து, பரிமாறும் நேரத்தில்தான் சாஸைச் சந்திக்க விட வேண்டும். இந்த ஒன்றை மாற்றினாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி ஈரம். பத்து ஆண்டுகளாக இந்த உருண்டைகளைச் செய்கிறேன்; உடைந்தவை எல்லாமே ஈரத்தால் உடைந்தவை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 250 கிராம் காளானைப் பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணெய் ஊற்றாமல், அகலமான வாணலியில் ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். முதலில் தண்ணீர் விட்டு நொசநொசவென்று நிற்கும். பொறுமையாக இருங்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் வற்றி, காளான் வாணலியில் ஒட்டத் தொடங்கி, சத்தமே மாறும். அதற்குப் பிறகுதான் எண்ணெய், பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு. எனக்கு இது 15 நிமிடத்துக்குக் குறைந்ததே இல்லை.

பருப்பு 200 கிராம். குழையவிடாதீர்கள், விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் முழுதாக இருக்க வேண்டும். வடித்த பிறகு ஒரு தட்டில் பரப்பி ஆவி போக ஆறவிடுங்கள். சூட்டோடு மூடி வைத்தால் அந்த ஆவியே தண்ணீராக மாறித் திரும்பிவிடும். தக்காளியோடு சேர்த்தும் வேகவைக்காதீர்கள், புளிப்பு இருந்தால் பருப்பு வேகவே வேகாது.

இரண்டு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை ஆறு மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அரை கோப்பை ஓட்ஸைப் பொடித்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோதுமை மாவைப்போல இது வாடை அடிக்காது. அரை கோப்பை வால்நட்டைக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது, ஒரு தேக்கரண்டி இடித்த சோம்பு, கொஞ்சம் ஓரிகானோ, மிளகு. சோம்பை விட்டுவிடாதீர்கள். இத்தாலிய இறைச்சிக் கலவைகள் பலவற்றின் மணம் சோம்பிலிருந்து வருவதுதான். மகள் மூடியைத் திறந்ததும் முதலில் அவளைத் தொடுவது அந்த மணமாக இருக்கும்.

மிக்ஸியில் எல்லாவற்றையும் ஓடவிட்டு மையாக அரைத்தால் மறுபடி களிதான். பருப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மசியுங்கள், அது பசை. மற்றதைக் கையால் கலந்துகொள்ளுங்கள். மூடி, ஃப்ரிட்ஜில் 45 நிமிடம் வையுங்கள்; குளிர்ந்தால் மாவுச்சத்து இறுகும், ஓட்ஸும் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு கையில் எண்ணெய் தடவி, ஒன்று 30 கிராம் வீதம் உருட்டினால் 24 வரும். மேலே எண்ணெய் பூசி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 25 நிமிடம்; பாதியில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். எடுத்த உடனே தொடாதீர்கள். பத்து நிமிடம் தட்டிலேயே இருந்தால்தான் கெட்டிப்படும்.

எல்லாவற்றையும் உருட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் வாணலியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். உடைந்தால் இரண்டு கரண்டி ஓட்ஸ் சேர்க்க அப்போது நேரம் இருக்கும்.

கோதுமைப்புரதம்:

மேலே சொன்னது நல்ல முறை. ஆனால் இவர்கள் கேட்பது சாஸில் ஊறிய உருண்டை. எட்டு மாதமாக அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பது அந்த ஊறலைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் வழி உண்டு.

கோதுமை மாவைக் கழுவி மாவுச்சத்தை நீக்கினால் மிஞ்சும் புரதம், குளூட்டன், தூளாகக் கிடைக்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் புரதம். அதே கலவையில் ஓட்ஸைப் பாதியாகக் குறைத்து, மூன்று மேசைக்கரண்டி குளூட்டன் தூள் சேர்த்து ஒன்றிரண்டு நிமிடம் பிசையுங்கள். இழை இழையாக இழுபடுவது கையிலேயே தெரியும். உருட்டி, முதலில் ஆவியில் 20 நிமிடம் வேகவைத்து, ஆறியபின் எண்ணெயில் சிவக்க வறுங்கள். சூட்டில் இறுகும் புரதம் இது. மிதமான தீயில் பத்து நிமிடம் சாஸில் கிடந்தாலும் கலையாது. இறைச்சியின் அந்த மெல்லும் தன்மையும் ஓரளவு கிடைக்கும். மூன்று கரண்டிக்கு மேல் போகாதீர்கள், ரப்பராகிவிடும். உண்பவர்களில் யாருக்காவது குளூட்டன் ஆகாது என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஸ்பெகெட்டியையும் அரிசியில் செய்ததாக மாற்ற வேண்டியிருக்கும்.

மகளின்_அம்மா:

இருவருக்கும் நன்றி. படித்ததும் முதல் முறையாக நம்பிக்கை வந்தது. குளூட்டன் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆகும். ஆனால் என் மகனுக்குக் கொட்டைகள் ஒவ்வாமை, வால்நட் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அதற்குப் பதில் என்ன போடலாம்?

காளான்_கரண்டி:

சூரியகாந்தி விதை. அதே அளவு, வெறும் வாணலியில் வறுத்துப் பொடியுங்கள். அவனுக்கு விதைகள் ஒத்துக்கொள்ளும்தானே? ஆளி விதையையும் சேர்த்தே கேட்கிறேன். அதுவும் வேண்டாம் என்றால் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டி நீர், ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி வீதம். பொருள்களின் உறையில் கொட்டைகள் குறித்த எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

பாஸ்தா_நீர்:

எல்லோரும் உருண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். தட்டில் பெரும்பங்கு ஸ்பெகெட்டியும் சாஸும். அவை மோசமாக இருந்தால் எந்த உருண்டையும் அந்தத் தட்டைக் காப்பாற்றாது.

உலர்ந்த ஸ்பெகெட்டி பெரும்பாலும் டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. புதிதாகப் பிசைந்து குளிர்பெட்டியில் விற்பதில்தான் முட்டை இருக்கும். உறையைத் திருப்பிப் படித்துவிட்டால் போதும். ரொட்டித்தூளைக் கட்டாயம் படியுங்கள், பால்பொருள் ஒளிந்திருப்பது அங்கேதான். வூஸ்டர்ஷைர் சாஸ் ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வழக்கமான செய்முறையில் நெத்திலி உண்டு. ஒயின் சேர்ப்பதானால், சில ஒயின்களை முட்டை வெள்ளையோ மீனிலிருந்து எடுத்த பசையோ போட்டுத் தெளியவைக்கிறார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற நொதி. பாலை ஏற்கும் சைவர்கள்கூட அதைத் தவிர்ப்பார்கள்.

அதன் இடத்தில் கடையில் விற்கும் போலிச் சீஸ் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தெற்கு இத்தாலியின் ஏழை வீடுகளில் சீஸுக்குப் பதிலாகத் தூவியது ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த ரொட்டித்தூள். நசுக்கிய ஒரு பல் பூண்டும் உப்பும் சேர்த்து வறுத்துத் தூவுங்கள். மொறுமொறுப்பு கிடைக்கும், கொட்டையும் இல்லை. நியூட்ரிஷனல் ஈஸ்ட் (உணவில் தூவும் உலர்ந்த ஈஸ்ட் செதில்) கிடைத்தால் ஒரு கரண்டி கலந்தால் சீஸின் அந்த உப்புக் கலந்த சுவை வரும். பி12 சேர்த்தது என்று உறையில் இருந்தால் இன்னும் நல்லது. முழுத் தாவர உணவில் அந்த வைட்டமின் போதுமான அளவு கிடைக்காது. மகள் தனியாக மாத்திரை எடுக்கிறாளா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சாஸுக்கு 800 கிராம் டப்பாத் தக்காளி, கால் கோப்பை ஆலிவ் எண்ணெய், ஐந்து பல் பூண்டு. பூண்டு மஞ்சளாகத் தொடங்கியதும் தக்காளியைக் கொட்டிவிடுங்கள், பழுப்பானால் கசக்கும். மூடாமல் 35 நிமிடம், மெல்லிய கொதி. இறைச்சி இல்லாத சாஸுக்கு ஆழம் குறைவு என்று பலர் குறைபடுகிறார்கள். இரண்டு உலர்ந்த ஷிடாகே காளான்களை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடிகட்டி ஊற்றுங்கள். தக்காளியில் குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் இருக்கிறது. உலர்ந்த ஷிடாகேயில் குவானிலேட் என்ற இன்னொன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனியாகத் தருவதைவிடப் பல மடங்கு சுவை. உமாமி என்று 1908இல் கிகுனே இகெடா பெயரிட்ட சுவை அதுதான்.

ஆளுக்கு 100 கிராம் ஸ்பெகெட்டி, அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள். உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு கோப்பை நீரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து மறக்காதீர்கள். ஸ்பெகெட்டியைச் சாஸில் போட்டு, அந்த மாவு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பெரிய தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். எண்ணெயும் தக்காளியும் பிரிந்து நிற்காமல் ஒவ்வொரு இழையிலும் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

உருண்டைகளை ஊறவைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்பெகெட்டியையும் உருண்டையையும் ஒரே தட்டில் சேர்த்துப் புகழ்பெறச் செய்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர்கள். இத்தாலியில் உருண்டைகளைப் பெரும்பாலும் தனி உணவாகவே உண்கிறார்கள்.

மகளின்_அம்மா:

திங்கட்கிழமை காலை எழுதுகிறேன். விதைகள் மகனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதால் சூரியகாந்தி விதையே போட்டேன். கலவையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி ஓவனில், மறு பாதி குளூட்டன் சேர்த்து ஆவியில். ஓவனில் வெந்தவை மேலே முறுகலாக, உள்ளே உதிரியாக இருந்தன. எனக்கு அவைதான் பிடித்தன. ஆவியில் வெந்தவற்றைச் சாஸில் பத்து நிமிடம் விட்டேன். மூடியைத் திறக்கும்போது கை நடுங்கியது. பன்னிரண்டும் முழுதாக இருந்தன.

அவள் வந்ததும் வாசலிலேயே நின்று "அம்மா, இது சோம்பா?" என்றாள். தட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சாஸில் ஊறியவற்றில் ஐந்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கோதுமைப்புரதம், நீங்கள் சொன்னது சரி. மகன் வறுத்த ரொட்டித்தூளை மட்டும் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஓவனில் வெந்த ஆறு உருண்டைகள் மிச்சம். தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவள் தோழி வருகிறாள், அவளுக்கும் வேண்டுமாம். உறைந்ததை உருகவிட்டுச் சூடாக்குவதா, அப்படியேவா?

காளான்_கரண்டி:

அப்படியே. உருகவிட்டால் மேலே ஈரம் கோத்துவிடும். 200 டிகிரியில் 15 நிமிடம். ஒன்றைப் பிட்டுப் பார்த்து நடுவில் சூடேறியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆறு போதாது அக்கா, இந்த முறை 400 கிராம் பருப்பு போடுங்கள்.