அஞ்சலில் வரும் ஆவி: துப்பறியும் விளையாட்டில் கண்மாயத்துக்கு என்ன வேலை?

நிழற்கூத்து (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வாரம் ஓர் உறையாக ஆறு வாரங்களுக்கு அஞ்சலில் வந்து சேரும் துப்பறியும் விளையாட்டு ஒன்றை ஓராண்டாக உருவாக்கி வருகிறேன். கதை 1872ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்கிறது. கணவரை இழந்த பெண் ஒருவர், இறந்தவரோடு பேச வைப்பதாகச் சொல்லும் மீடியம் ஒருவரிடம் தம் பணத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வருகிறார். அதைக் காணப் பொறுக்காத அவருடைய நாத்தனார் இரகசியமாகச் சேர்த்து அனுப்பும் கடிதங்களும் பொருள்களுமே விளையாடுபவரின் கைக்கு வருகின்றன. ஏமாற்று எப்படி நடந்தது என்பதை அவற்றைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காம் உறையில் ‘பெப்பரின் ஆவி’யை வைத்தேன். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை 45 பாகைச் சாய்வில் நிறுத்தினால், மறைவாக வைத்த படத்தின் பிம்பம் தாளுக்குப் பின்னால் நிற்பதுபோலத் தெரியும். ஐந்தாம் உறையில் இருட்டில் ஒளிரும் மையால் எழுதிய கடிதமும், ஆறாம் உறையில் மடக்கக்கூடிய ஓயிஜா பலகையும் (ஆவிகளோடு பேச உதவுவதாகச் சொல்லப்படும் எழுத்துப் பலகை) உள்ளன. முன்னோட்டமாக விளையாடிய மூவரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: ஆவி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்ததனால் வழக்கைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவில்லை. பிளாஸ்டிக் தாளும் வழியில் வளைந்துபோக, ஒருவருக்கு வந்த ஆவியின் வாய் காதுவரை இழுத்துக்கொண்டு நின்றது. அவர் பயப்படுவதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டார்.

கண்மாயத்தை அலங்காரமாக வைக்காமல், அதுவே தடயமாகும்படி செய்வது எப்படி என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழம்படம்

முதலில் ஆண்டுக்கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த வகை விளையாட்டை வாங்குபவர்களில் பாதிப்பேர் அதைத்தான் முதலில் சோதிப்பார்கள். ஓயிஜா பலகைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1891இல். உங்கள் கதாநாயகி அதைத் தொட்டிருக்க முடியாது. ஆனால் ஆவியே எழுதுவதாகச் சொல்லப்பட்ட, சிறு சக்கரங்களும் ஒரு பென்சிலும் பொருத்திய பிளாஞ்செட் பலகை 1860களின் இறுதியிலேயே வீடுகளுக்குள் வந்துவிட்டது, அதை வைக்கலாம். பால்மெயினின் ஒளிரும் வண்ணப்பூச்சு காப்புரிமை பெற்றது 1877இல் என்பதால், ஐந்தாம் உறையும் ஐந்தாண்டு முந்திக்கொண்டுவிட்டது.

பெப்பரின் ஆவி காலத்தால் பொருந்துகிறது, இடத்தால் பொருந்தவில்லை. ஹென்றி டர்க்ஸ் என்பவரின் யோசனையை ஜான் ஹென்றி பெப்பர் மேடைக்கு ஏற்றவாறு திருத்தி, 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் காட்டினார். மேடையின் முன்னே சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடியும், அதன் கீழே பார்வையாளருக்குத் தெரியாத குழியில் பலமான வெளிச்சத்தில் நின்ற நடிகரும் அதற்குத் தேவைப்பட்டனர். வாடகை வீட்டின் வரவேற்பறையில் அமர்வு நடத்தும் ஒரு மீடியம் அவ்வளவு பெரிய கண்ணாடியை எங்கே ஒளித்து வைப்பார்? உங்கள் ஆட்டக்காரர்களுக்கு அது ஒட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1872க்கென்றே பிறந்த தடயம் ஆவிப் புகைப்படம், அதாவது உயிரோடிருப்பவருக்குப் பக்கத்தில் இறந்தவரின் உருவமும் மங்கலாகத் தெரியும் படம். பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மம்லர் அதை 1860களின் தொடக்கத்தில் தொழிலாகவே நடத்தி, 1869இல் நியூயார்க்கில் வழக்கைச் சந்தித்து, போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார். லண்டனில் பிரெடரிக் ஹட்சன் அதைத் தொடங்கியது சரியாக 1872இல்தான். படம் பதியும் ஒரே கண்ணாடித் தட்டில் இருமுறை ஒளிபட வைப்பதே இதன் அடிப்படை; அதில் உள்ள ஓட்டைதான் உங்களுக்கு வேண்டியது. இரண்டாம் முறை ஒளிபடும்போது பின்புலமும் சேர்ந்தே பதிவதால், கம்பளத்தின் பூவேலை உட்கார்ந்திருப்பவரின் பாவாடையின் மேலேயும் மங்கலாகத் தெரியும். ஆவிக்குள் கம்பளம் தெரிந்தால் ஆவி ஊடுருவித் தெரிகிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். உயிரோடிருக்கும் பெண்ணின் உடைக்குள்ளும் கம்பளம் தெரிந்தால் என்ன சொல்வது?

முதல் உறையில் கணவரின் சாதாரணப் புகைப்படத்தை, அக்காலத்து அட்டை அளவான சுமார் 64 × 100 மில்லிமீட்டரில் வையுங்கள். மூன்றாம் உறையில் ஆவிப் படத்தையும் ஒரு மெல்லிய வரைதாளையும் வையுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வரைந்து பார்ப்பவருக்கு, ஆவியின் தோள்வளைவும் பழைய படத்தின் தோள்வளைவும் இம்மியும் பிசகாமல் பொருந்துவது தெரியவரும். இறந்த மனிதர் மறுவுலகத்திலும் அதே நாற்காலியில் அதே கோணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

கண்மணிப்பாவை

பழம்படம் சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். ஆனால் அஞ்சலில் வளையாத, உடையாத ஆவி ஒன்றும் இருக்கிறது. அதை விளையாடுபவரின் கண்ணே உண்டாக்கும். 1864இல் லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்ட்ரோபியா’ என்ற நூலில் பளிச்சென்ற வண்ணத்தில் அச்சிட்ட பேய் உருவங்கள் இருந்தன. ஓர் உருவத்தை அசையாமல் அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அதே உருவம் எதிர்நிறத்தில் சுவரில் நிற்கும்; இதைத்தான் பின்பிம்பம் என்கிறோம். ஆவிகளை மக்கள் நம்புவதை ஒழிப்பதுதான் அந்த நூலாசிரியரின் நோக்கமாக இருந்தது என்பதால், உங்கள் நாத்தனாரின் அலமாரியில் அது இருப்பது மிகவும் பொருத்தம்.

இதைத் தடயமாக்க ஒரு வழி தோன்றுகிறது; இது உங்கள் கதைக்காக நான் கட்டிய கற்பனையே. அமர்வுக்கு வருபவர்கள் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்காக எனச் சொல்லி, சிவப்பு நிறத்தில் வரைந்த ஒரு மார்பளவுச் சித்திரத்தை நூறு எண்ணும்வரை பார்க்கும்படி மீடியம் பணிக்கிறார். பிறகு விளக்கைத் தாழ்த்தி, வெளிறிய திரையைப் பார்க்கச் சொல்கிறார். அந்தப் பெண்ணின் கடிதத்தில் மூன்று விவரங்கள் மட்டும் இருக்கட்டும்: அவர் நீலப்பச்சை நிறத்தில் தெரிந்தார், நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கமே நகர்ந்தார், கண் சிமிட்டியபோது மங்கியவர் மீண்டும் தெளிவடைந்தார். பின்பிம்பத்தின் குணங்கள் இவை மூன்றும். அடுத்த உறையில் அந்தச் சித்திரம் எந்த விளக்கமும் இல்லாமல் வரட்டும். அதை உற்றுப் பார்த்துவிட்டுத் தற்செயலாகத் தலை நிமிர்பவருக்குத் தம் வீட்டுச் சுவரிலேயே வழக்கின் விடை கிடைத்துவிடும்.

அளவு விஷயத்தில் எம்மர்ட் என்ற கண் மருத்துவர் 1881இல் எழுதிய விதி கைகொடுக்கும். பின்பிம்பம் விழும் பரப்பு எத்தனை மடங்கு தொலைவில் இருக்கிறதோ, அத்தனை மடங்கு அது பெரிதாகத் தோன்றும். 30 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்த 5 செ.மீ. முகம், 3 மீட்டர் அப்பால் உள்ள சுவரில் 50 செ.மீ. முகமாகும். முழு உருவத்தை அச்சிட ஆசைப்படாதீர்கள். பார்வையின் ஓரத்தில் விழும் கால்களும் கைகளும் பின்பிம்பத்தில் தேறுவதில்லை. மூக்கின்மேல் ஒரு சிறு கரும்புள்ளி அவசியம், இல்லாவிட்டால் கண் அலைந்து பிம்பம் கலைந்துவிடும்.

மேசைக்கால்

இருவரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். அக்காலத்தில் கண்ணைவிட அதிகம் ஏமாந்தது கை என்பது என் எண்ணம். வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை வைத்தால் மேசை தானாக நகர்கிறது என்ற பரபரப்பு 1853இல் இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டியபோது, அறிவியலறிஞர் மைக்கேல் பாரடே அதைச் சோதித்த விதத்தை அப்படியே ஓர் உறைக்குள் அடைத்துவிடலாம். மேசைக்கும் கைக்கும் நடுவே, மெழுகு போன்ற இளகிய பசையால் லேசாக ஒட்டிய அட்டைகளை அவர் அடுக்கி வைத்தார். மேசை முதலில் நகர்ந்து கையை இழுத்திருந்தால் அடியட்டை முந்தியிருக்கும், முந்தியதோ மேலட்டை. கைதான் மேசையைத் தள்ளியது, தள்ளியவர்களுக்கே தெரியாமல். அதைவிடச் சுவையானது அடுத்த சோதனை: தங்கள் கை தள்ளுவதைக் காட்டும் ஒரு குச்சியைக் கண்ணெதிரே வைத்தவுடன், மேசை நகர்வதே நின்றுவிட்டது. அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதன் அழகு.

நான்கு அட்டைகள், கொஞ்சம் பசை, பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு பென்சில் கோடு. கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே விடை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்காலத் துக்கக் கடிதங்களுக்குக் கறுப்பு விளிம்புள்ள தாளும் உறையும் பயன்பட்டன. துக்கம் பழையதாக ஆக, விளிம்பின் அகலமும் குறைந்துகொண்டே வரும். ஆறு உறைகளிலும் அந்த விளிம்பு மெல்ல மெலிவதையே காலக்கணக்குக்கான தடயமாக வைக்கலாம் என்று எழுத வந்தவன், ஒரு கணம் நிறுத்திக்கொண்டேன். இவ்வகைப் பெட்டிகளைப் பலர் பிறருக்குப் பரிசாக அனுப்புகிறார்கள். அண்மையில் ஒருவரை இழந்த வீட்டில், அனுப்பியவர் யாரென்று தெரியாத கறுப்பு விளிம்பு உறை வந்து விழுந்தால் என்ன ஆகும்? எனவே வெளியுறை சாதாரணமாக இருக்கட்டும், இது விளையாட்டு என்று முதல் உறையிலேயே தெளிவாக எழுதுங்கள். விளையாடுபவர் தம் வீட்டு இறந்தவரின் பெயரை எங்கும் எழுதும்படி கேட்காதீர்கள். மீடியம் செய்த அதே வேலையை நாமும் செய்ததாகிவிடும்.

நிழற்கூத்து

மூவருக்கும் நன்றி. ஓயிஜா பலகையையும் ஒளிரும் மையையும் நீக்கிவிட்டேன். பெப்பரின் ஆவியை நீக்க மனம் வரவில்லை என்றாலும், மேசைக்கால் அவர்களின் கடைசி வரியைப் படித்தபின் அதன் இடத்தில் அட்டை அடுக்கை வைத்துவிட்டேன்.

நேற்றிரவு நால்வர் சேர்ந்து சோதித்தோம். வழக்கமான ஒட்டுப்பசை காய்ந்து இறுகியதால் அட்டைகள் நகரவே இல்லை. சுவரில் படம் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற பசையை மிளகளவு உருட்டி வைத்ததும், பென்சில் கோடு தெளிவாகச் சாய்ந்தது. “நான் தள்ளவே இல்லை” என்று நால்வருமே சொன்னோம். சிவப்பு முகத்தின் பின்பிம்பம் இருவருக்கு உடனே தெரிந்தது, மற்ற இருவருக்குத் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது அடர்நீலச் சுவர். யார் வீட்டில் எந்த நிறச் சுவர் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்மணிப்பாவை

சுவரை நம்ப வேண்டாம், திரையையும் நீங்களே அனுப்பிவிடுங்கள். வெளிர்சாம்பல் நிறத் தாள் ஒன்றை எட்டாக மடித்து, மீடியத்தின் அறைத் திரைக்கான அளவுக் குறிப்பு என்று அதில் எழுதி வையுங்கள். அதை விரித்துப் பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். தாளை ஒரு கை தொலைவில் பிடித்தால் முகம் ஏறத்தாழ இரு மடங்காகத்தான் தெரியும், அதனால் சித்திரத்தைச் சற்றுப் பெரிதாக்கி 8 செ.மீ. அளவில் அச்சிட்டுப் பாருங்கள்.