மறு: 'ஃபார்மிகேரியம்': எறும்புப் பண்ணையா, எறும்பகமா?

அன்புடையீர், வணக்கம்.

எறும்புகளை வீட்டில் வைத்து வளர்த்துப் பார்ப்பதற்கான 'ஃபார்மிகேரியம்' என்னும் அமைப்புக்கு இம்மடல் இழையில் சில தமிழ்ச் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இவற்றைக் குறைந்த செலவில் செய்து கொடுப்பவன் என்ற முறையில், பொருள் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து சொல்லுக்கு வர விரும்புகிறேன்.

> எளிமையாக 'எறும்புப் பண்ணை' என்று சொல்லிவிடலாமே.

1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆன்ட் ஃபார்ம்' என்ற விளையாட்டுப் பொருளின் பெயர் அது. அதில் வேலைக்கார எறும்புகள் மட்டுமே இருக்கும்; அரசி இல்லாததால் குடி பெருகாது. நம் வழக்கிலோ கோழிப்பண்ணை, பால்பண்ணை என்று பயன் எடுக்கும் இடத்தையே பண்ணை என்கிறோம். எறும்பிடம் நாம் எடுப்பது எதுவும் இல்லை.

> 'எறும்புப் புற்று' என்பதே மக்கள் சொல்.

உண்மைதான், எங்கள் பக்கம் 'எறும்புப் புத்து' என்றுதான் பேசுவார்கள். ஆனால் இயற்கையில் உள்ளதற்கும் நாம் செய்ததற்கும் ஒரே சொல்லை வைத்தால், 'புற்றிலிருந்து புற்றுக்கு மாற்றுக' என்று செய்முறையில் எழுத வேண்டிவரும். 'எறும்பூர்' என்ற பரிந்துரை அழகானது, ஆனால் இணையத்தில் தேடுபவருக்குத் திருவெறும்பூர் ரயில் நேரம்தான் கிடைக்கும்.

இனி, பொருளுக்கு வருகிறேன். ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் அறைகளும் வழிகளும் அமைய வேண்டிய இடங்களில் களிமண்ணை ஒட்டி வைத்து, பி.ஓ.பி. எனப்படும் பாரிஸ் சாந்து மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியபின் கட்டியைக் கவிழ்த்துக் களிமண்ணைச் சுரண்டி எடுத்தால் பள்ளங்கள் கிடைத்துவிடும். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டை அதன்மேல் மூடி, எறும்புகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது என்பதால் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டிவிட்டால், உள்ளே அவற்றுக்கு ஏறத்தாழ இருட்டு, நமக்குக் காட்சி. இதிலிருந்து ஒரு குழாய் வழியாக மூடியில்லாத மற்றொரு டப்பாவுக்குப் போக வேண்டும். தீனியும் குப்பையும் அங்கேதான். அதன் விளிம்பின் உட்புறத்தில் டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினால், காய்ந்தபின் எறும்பின் கால் அதில் பிடிக்காது.

செலவைவிடக் கவனம் கேட்பது ஈரம். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் தம் எறும்புக் கூடுகளைக் காட்சிக்கு வைத்த பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் ஜானே, பாரிஸ் சாந்துக் கட்டியின் ஒரு முனையில் நீர்த்தொட்டி அமைத்தார். நீர் கட்டிக்குள் ஊறிப் பரவ, அருகிலுள்ள அறை ஈரமாகவும் தொலைவிலுள்ளது உலர்ந்தும் இருக்கும். முட்டையையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் எங்கே வைப்பது என்பதை எறும்புகளே தேர்ந்துகொள்ளும். மதுரைச் சித்திரை வெயிலில் இத்தொட்டி இல்லாத கட்டி வறண்டுவிடும். கடையில் விற்கும் விலையுயர்ந்த அக்ரிலிக் பெட்டிகளில் பலவற்றைவிட இந்தக் கட்டி எனக்கு மேலானதாகத் தோன்றுவது, அக்ரிலிக் நீரை உறிஞ்சாது என்பதால்தான்.

ஆக, இருண்டு ஈரமான உறைவிடம், வெளிச்சமும் உலர்வும் உள்ள வெளியிடம் என இரண்டு பகுதிகள். இரண்டும் சேர்ந்ததே நாம் பெயர் தேடும் பொருள். குறுந்தொகையின் 12ஆம் பாட்டில் ஓதலாந்தையார் 'எறும்பி அளையின் குறும்பல் சுனைய' என்கிறார். அளை என்பது வளை. 'எறும்பளை' என்பதையே முழு அமைப்புக்கும் வைக்கலாம் என்று அம்மையார் ஒருவர் சென்ற மடலில் எழுதியிருந்தார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளில் இலைகளைத் தன் புழுவின் பட்டு நூலால் இணைத்துக் கூடு கட்டும் முசுறு என்னும் எறும்பை வளர்ப்பவர், செடியையோ இலைக்கொப்பையோதான் வைப்பார். அங்கே அளை ஏது? எனவே முழு அமைப்புக்கு 'எறும்பகம்' என்றும், மண்ணில் வாழும் கட்டெறும்பு போன்றவற்றுக்கான உட்பகுதிக்கு 'அளை' என்றும், வெளி டப்பாவுக்கு 'இரைக்களம்' என்றும் கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. நூலகம், மருந்தகம் என்று பழகிய ஈறு என்பதால் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது. 'மேய்களம்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆடுமாடுதான் கண்முன் வந்து நிற்கிறது.

'டெஸ்ட் டியூப்' அமைப்புக்கும் தனிப்பெயர் கேட்டிருந்தார்கள். மழைக்குப்பின் இறகுதிர்த்த கட்டெறும்பு அரசியை, அடியில் நீர் நிரப்பிப் பஞ்சால் அடைத்த குழாயில் விட்டு இருட்டில் வைத்தால், முதல் வேலைக்காரிகள் வெளிவரும்வரை உணவின்றித் தன் உடல் கொழுப்பையும் பறப்புத் தசைகளையும் கரைத்தே அவற்றை வளர்த்துவிடும். அங்கே இரைக்களம் தேவையே இல்லை என்பதால் அதை எறும்பகம் என்று சொல்லாமல் 'தொடக்க அளை' என்று பட்டியலில் சேர்க்கலாம். மறுப்பு இருப்பின், குறிப்பாக இரைக்களத்தைப் பற்றி, எழுதுங்கள்.