கர்ப்பிணிக்கு இடுப்பு வலி: தருமபுரி பக்கம் அக்குபஞ்சர் பார்ப்பவர் வேண்டும்
மனைவிக்கு 28ஆவது வாரம், முதல் பிரசவம். பென்னாகரத்தில் இருக்கிறோம். மூன்று வாரமாக இடுப்பின் பின்பக்கம் வலி; படுக்கையில் புரண்டால் சுருக்கென்று பிடிக்கிறது. உதிரப்போக்கு இல்லை, குழந்தை அசைவும் ஸ்கேனும் சரி. பாராசிட்டமால், இடுப்பு பெல்ட், கால்களுக்கு நடுவே தலையணை எல்லாம் பார்த்தாச்சு. அக்குபஞ்சர் முயலலாம், தான் தந்த மாத்திரைகளை மட்டும் விடக்கூடாது என்கிறார் டாக்டர்.

உள்ளூரில் அக்குபஞ்சர் பார்க்கும் ஒருவர் நாடி பார்த்த கையோடு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8தான், எப்படி நிறுத்துவது? எழுந்து வந்துவிட்டோம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, அப்புறம் உள் கணுக்காலுக்கு மேலே உள்ள அக்குபஞ்சர் புள்ளிகளைக் கர்ப்பத்தில் பலர் தவிர்ப்பார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டுப் பழகிய, டாக்டர் மருந்தில் கை வைக்காத அக்குபஞ்சர் மருத்துவர் யாரிடமாவது நீங்கள் போயிருக்கிறீர்களா?