மகளின் வயிற்றுவலி: தமிழில் ஹிப்னோதெரபி ஆடியோ கிடைக்குமா?

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது. 14 மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி, காலையில்தான் அதிகம். பாதி நாள் பள்ளிக்குப் போக முடிவதில்லை. ஸ்கேன், சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஐ.பி.எஸ். (IBS, பரிசோதனையில் எதுவும் தெரியாமலே வலி திரும்பத் திரும்ப வரும் குடல் கோளாறு) என்றார் டாக்டர். பூச்சி மருந்து, ப்ரோபயாடிக், ஓமத் தண்ணீர், ஆறு வாரம் பாலை நிறுத்தியது, எதற்கும் வலி அடங்கவில்லை. அவள் நடிக்கவில்லை, வலி நிஜம்.

அப்புறம் டாக்டர் ஹிப்னோதெரபி (உடம்பைத் தளர்த்தி, மனதை ஆழ்ந்த அமைதிக்குக் கொண்டுபோய் வலியைக் குறைக்கும் பயிற்சி) ஆடியோவைச் சொன்னார். நெதர்லாந்தில் 260 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் (2017) வீட்டில் சிடி கேட்டுச் செய்த பயிற்சி, நேரில் தரும் சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்ததாம். ஆங்கில ஆடியோவை மூன்று வாரம் போட்டோம். அர்த்தம் புரிந்துகொள்வதிலேயே கவனம் போய்விடுகிறது, உடம்பு தளரவில்லை. அதையே நான் தமிழில் மெதுவாகச் சொன்ன இரவுகளில் நன்றாகத் தூங்கினாள்.

பிள்ளைகளின் வயிற்றுவலிக்கென்றே தமிழில் இப்படி ஆடியோவோ, பெங்களூரில் தமிழில் செய்யும் பயிற்சி பெற்ற மனநல நிபுணரோ யாருக்காவது தெரியுமா?