வீஆர் பெட்டியில் தலையைத் திருப்பினாலும் படம் திரும்பவில்லை, உதவி தேவை

கிளிநொச்சி_விஞ்ஞானம்:
வணக்கம். தரம் 9 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போனை உள்ளே வைத்துப் பார்க்கும் மட்டைப் பெட்டி ஐந்து செய்து, பெற்றோரிடம் போன் இரவல் வாங்கி, இதயத்தின் உட்புறத்தைக் காட்டும் 360 பாகை வீடியோவைப் போட்டேன். மூன்று போனில் அருமை. மற்ற இரண்டிலும் தலையை மேலே கீழே அசைத்தால் படம் கொஞ்சம் நகர்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் அப்படியே நிற்கிறது. ஒரு பிள்ளை எழுந்து முழுச்சுற்று சுற்றியும் அதே வால்வைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டால் "நல்லா இருக்கு மிஸ்" என்றாள். அது அவளுடைய அம்மாவின் போன். எனக்கு மனம் கேட்கவில்லை. அப்பை அழித்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை.

வவுனியா_போன்_திருத்தம்:
மிஸ், அப்பில் பிழை இல்லை. அந்த இரண்டு போனிலும் ஜைரோஸ்கோப், அதாவது போன் எந்தப் பக்கம் திரும்பினாலும் உணரும் உணரி, இருக்காது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் அதைப் போடுவதில்லை. ஆர்முடுகல்மானி இருக்கும், அது புவியீர்ப்பின் திசையை வைத்துச் சரிவைக் கண்டுபிடிக்கும், அதுதான் மேலே கீழே வேலை செய்கிறது. நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் திரும்பும்போது புவியீர்ப்பின் திசை மாறுவதில்லையே, அதற்கு எப்படித் தெரியும்? போனில் என்னென்ன உணரிகள் இருக்கின்றன என்று காட்டும் பைபொக்ஸ் என்ற இலவச அப்பைப் போட்டுப் பாருங்கள், ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்தது. ஜைரோஸ்கோப் வரி மங்கலாகக் கிடந்தால் போனில் அது இல்லை. அப் போட்டுச் சரிசெய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மாங்குளம்_சேர்:
பெட்டியின் பக்கத்தில் காந்தம் ஒட்டினீர்களா? 2014 இல் கூகுள் வெளியிட்ட இப்படியான மட்டைப் பெட்டியின் முதல் மாதிரியில் பொத்தானுக்குப் பதிலாகக் காந்தம் இருந்தது. அதைப் பார்த்துச் செய்திருந்தால் கழற்றிவிடுங்கள், திசைகாட்டி குழம்பினால் நல்ல போனிலும் படம் தானாக நகரக்கூடும். அப்புறம், பிள்ளைகளை இருத்தியே காட்டுங்கள், தலைசுற்றல் குறையும்.

அந்த இரண்டு போனையும் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள் மிஸ். பைபொக்ஸில் ஒலியால் இயங்கும் நிறுத்தற்கடிகாரம் இருக்கிறது, அதற்கு மைக் போதும். மைதானத்தில் இரண்டையும் தள்ளி வையுங்கள். ஒரு போனருகே ஒரு பிள்ளை கைதட்ட இரண்டும் ஓடத் தொடங்கும். மற்றதன் அருகே இன்னொரு பிள்ளை தட்ட இரண்டும் நிற்கும். இரண்டு நேரங்களின் வித்தியாசம், ஒலி அந்தத் தூரத்தை இருமுறை கடக்கும் நேரம்.

கிளிநொச்சி_விஞ்ஞானம்:
ஜைரோஸ்கோப் வரி இரண்டிலும் மங்கல்தான். காந்தம் ஒட்டவில்லை. இன்று காலை மைதானத்தில் 20 மீற்றர் அளந்து செய்தோம். வித்தியாசம் 0.115 செக்கன் வந்தது. பிள்ளைகளே வகுத்து, செக்கனுக்கு 348 மீற்றர் என்று எழுதினார்கள். முதல் கைதட்டு அந்தப் பிள்ளையுடையது, அம்மாவின் போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தட்டினாள். இருவருக்கும் மிக்க நன்றி.