மறுமொழி: 'மனித எச்சங்கள்' – வேறு சொல் தேடுவோமா?

அனைவருக்கும் வணக்கம்.

அருங்காட்சியகச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் கலைச்சொல் பட்டியலில் பதிவேடு, சேமிப்பறை, பூச்சித் தடுப்பு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. சேகரிப்புகளில் இருக்கும் இறந்தவர்களின் எலும்பையும் உடற்பகுதிகளையும் குறிக்கும் 'ஹியூமன் ரிமெய்ன்ஸ்' (human remains) வந்ததும் நின்றுவிட்டோம். நின்றது நல்லதுதான். மானிடவியல் சேகரிப்பில் கூடை, முகமூடி, ஈட்டி, மணிமாலை எல்லாம் பொருள்கள். இது மட்டும் ஆள். அதனால் ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> 'மனித எச்சங்கள்' செய்தித்தாள்களில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழக்கத்தில் இருப்பது பெரிய பலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்சம் என்றதும் பேச்சுத் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது பறவை எச்சம். பக்கத்திலேயே எச்சில் நிற்கிறது. அகழாய்வு அறிக்கையில் 'தாவர எச்சங்கள், விலங்கு எச்சங்கள், மனித எச்சங்கள்' என்று வரிசையாக எழுதும்போது உறுத்தாது. அந்த மனிதர்களின் வழிவந்தவர்களுக்குக் கடிதம் எழுதும்போது உறுத்தும்.

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூறுத் தொகுப்பில் இருந்த ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் பழங்குடியான வேடர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ நேரில் போய்ப் பெற்றுக்கொண்டார். அப்படியொரு கடிதத்தைத் தமிழில் எழுத வேண்டியிருந்தால் 'உங்கள் எச்சங்களைத் திருப்பித் தருகிறோம்' என்றா எழுதுவோம்? நாம் முடிவுசெய்யும் சொல் பதிவேட்டிலும் பெட்டி மேலும் அந்தக் கடிதத்திலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்தால் உள்ளே இருப்பதுதான் நம் உண்மையான எண்ணம் என்று ஆகிவிடும்.

> வள்ளுவரே 'எச்சத்தாற் காணப்படும்' என்கிறாரே. எச்சம் எப்படி இழிசொல் ஆகும்?

ஐயா, இழிசொல் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குறளில் எச்சம் என்பது ஒருவர் விட்டுச் செல்வது. பரிமேலழகர் அதை மக்கட்பேறாகவே எடுத்துக்கொள்கிறார். அந்தப் பொருளில் எடுத்தால் நமக்கு இன்னும் இடிக்கும்: எச்சம் என்பது உயிரோடிருக்கும் பேரப்பிள்ளைகள், பெட்டிக்குள் இருப்பவர் அல்லர்.

> எளிமையாக 'எலும்புகள்' போதும்.

போதாது. பிரிட்டன் அரசு 2005-இல் அருங்காட்சியகங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி எலும்பு, பல்லோடு தோல், உள்ளுறுப்பு, கரு, நுண்ணோக்கிக்கான கண்ணாடிச் சில்லில் உள்ள திசு வரை இதில் சேர்க்கிறது. மனித உடலின் பகுதியை வேறு பொருளோடு சேர்த்துச் செய்த கலைப்பொருளும் இதில் அடங்கும். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்த, வடகிழக்கு இந்தியாவின் நாகர் பழங்குடியைச் சேர்ந்த மண்டையோட்டில் விலங்கின் கொம்பு பொருத்தப்பட்டிருந்தது. நாகாலாந்து முதல்வர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், எதிர்ப்பு வலுத்தது, ஏலத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஏலப் பட்டியலில் அது ஓர் உருப்படி. 'கொம்புள்ள மண்டையோடு' என்று எழுதினால் அது பொருளாகவேதான் நிற்கும்.

> 'முதுவர்' எப்படி? அழகாகவும் சுருக்கமாகவும் இருக்கிறது.

அழகுதான், ஆனால் முடியாது. ஆனைமலையிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் ஒரு பழங்குடியின் பெயர் அது. மானிடவியல் பதிவேட்டில் அந்தச் சொல் எப்படியும் மக்கள் பெயராக வரும். மோதும்.

> 'முன்னோர் உடல்' என்பதே மரியாதையான சொல். நாகர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

என் மனம் இதன் பக்கம்தான் முதலில் சாய்ந்தது. தமிழில் இதற்கு வேரும் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நம் மக்கள் 'முதுமக்கள் தாழி' என்றுதான் சொல்கிறார்கள். தாழியைச் சொல்லும்போதே உள்ளே இருப்பவரையும் சொல்லிவிடுகிறோம், அதுவும் உறவு முறையில். 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் அங்கே தோண்டிப் பலவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அந்த மண்டையோடுகளைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக எந்த இனம், என்ன அளவு என்றே எழுதித் தள்ளினார்கள். ஊர்க்காரர் வாயில் மட்டும் அவர்கள் முதுமக்களாகவே இருந்தார்கள்.

ஆனாலும் எல்லோருக்கும் 'முன்னோர்' பொருந்தாது. நாகர் ஊர்களில் இருந்த மண்டையோடுகள் பலவும் போரில் வெட்டி எடுத்த எதிரி ஊராரின் தலைகள். வைத்திருந்த ஊருக்கு அவர் முன்னோர் அல்லர், எங்கோ இன்னோர் ஊருக்கு முன்னோர். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1940-களில் இறந்த நகரத்து ஏழைகளின் உடல்கள் இருக்கின்றன. கேட்டு வர ஆளில்லாமல் மருத்துவக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து வந்தவை. அவர்களை யாருடைய முன்னோர் என்று பதிவது? உறவை ஆராய்ந்து நிறுவ வேண்டியது காப்பாட்சியரின் வேலை. சொல்லே அதை முன்கூட்டி முடிவுசெய்துவிட்டால் ஆராயாமலே விட்டுவிடுவார்கள்.

அதனால் என் முன்மொழிவு: பொதுச் சொல்லாக மனித உடலம். வழிவந்தவர்கள் யார் என்று நிறுவப்பட்ட இடத்தில், அவர்கள் விரும்பினால், முன்னோர் உடலம்.

'உடலம்' நம் குழுவின் யாழ்ப்பாணத்து அக்கா போன வாரம் போகிற போக்கில் எழுதிய சொல். இலங்கைச் செய்திகளில் 'உடலம் மீட்கப்பட்டது' என்று எழுதுவது வழக்கம். சடலத்தில் இருக்கும் காவல்நிலைய வாடை இதில் இல்லை, பிணத்தில் இருக்கும் அச்சமும் இல்லை. உயிர் போன பிறகும் ஒருவருடைய உடல் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. ஒரு விரலெலும்பைப் போய் உடலம் என்பதா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், அதுதான் வேண்டும். துண்டைக் குறிக்க 'உடலப் பகுதி' என்று எழுதலாம். 'உடற்கூறு' வேண்டாம், பிரேதப் பரிசோதனை நினைவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, இது நம் மொழிக்கே உரிய சிக்கல். உடலம் அஃறிணை, 'உடலம் இருக்கிறது' என்றுதான் வரும். அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் எண்ணும்போது 'பேர்' என்று எண்ணலாம். ஒரு பெட்டியில் கலந்து கிடக்கும் எலும்புகளை ஆராய்ந்து, குறைந்தது எத்தனை ஆள்களுடையவை என்று கணிக்கும் முறை இருக்கிறது. அந்த இடத்தில் '3 உருப்படி' என்பதற்குப் பதில் 'குறைந்தது 3 பேர்' என்று எழுதுவோம். மற்றப் பொருள்களுக்கு 'என்ன?' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, இங்கே அது 'யார்?' என்று இருக்கட்டும். விடை பெரும்பாலும் 'தெரியவில்லை' என்றுதான் வரும். வெற்றாக இருக்கும் கட்டமும் தேடச் சொல்லும்.

இந்த வேறுபாடு சேமிப்பறையிலும் வேலை செய்யும். பழைய சேகரிப்புகளில் ஆர்சனிக், பாதரச உப்பு எல்லாம் பூச்சிக்காகப் பூசியிருப்பார்கள். பொருள் என்றால் கையுறை போட்டுக்கொள் என்று எழுதி முடித்துவிடலாம். உடலம் என்றால் நாளை உறவினர் வந்து வெறுங்கையால் தொட்டு அடக்கம் செய்யக்கூடும், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று தோன்றும். அமெரிக்காவின் 2024 விதிகள் பழங்குடியினரின் உடலங்களைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ வழிவந்தவர்களின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்கின்றன. நம் பதிவேட்டிலும் 'இசைவு' என்று ஒரு கட்டம் சேர்க்கக் கேட்கிறேன்.

இன்னும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று: தலைமுடியும் நகமும். மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டி இவற்றைச் சேர்க்கவில்லை, ஆனால் சில சமூகங்களுக்கு அவை புனிதம் என்று ஒப்புக்கொள்கிறது. என் கருத்து, வெட்டியோ உதிர்ந்தோ வந்த முடி உடலத்தில் சேராது, தலையோடு ஒட்டியிருப்பது சேரும். ஈட்டியில் கட்டிய மனித முடிக்குஞ்சத்தை என்ன செய்வது? களப்பணி தெரிந்தவர்கள் இதற்கு விடை சொல்லுங்கள். அதுவரை விளக்கக் குறிப்பில் அந்த வரியை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.