மெயின் ஸ்ட்ரீட்டில் லேன் குறைப்பு: கிரீன்வில் பக்கம் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் இருப்பது தென் கரோலினாவில் ஒரு சின்ன ஊர். இங்கே டவுன்டவுனைப் புதுப்பிக்கிறார்கள், நான்கு லேன் மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டாக்கி நடைபாதையை அகலப்படுத்தத் திட்டம். எனக்கு முழுச் சம்மதம், ஏனென்றால் அம்மா கைத்தடியோடு பாதி சாலை கடப்பதற்குள் சிக்னல் மாறிவிடுகிறது, ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லை. ஆனால் பார்க்கிங் போய்விடும், சரக்கு லாரி எங்கே நிற்கும் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள், அதுவும் நியாயம்தான்.

எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் கிரீன்வில் நகரத்தின் மெயின் ஸ்ட்ரீட்டில் 1970களின் கடைசியிலேயே லேன்களைக் குறைத்து மரம் நட்டார்கள். அப்புறம் 2002இல் ரீடி ஆற்று அருவியை மறைத்துக்கொண்டிருந்த கேம்பர்டவுன் பாலத்தையே இடித்து, 2004இல் நடப்பவர்களுக்கென்றே லிபர்ட்டி பாலத்தைத் திறந்தார்கள். அங்கே கடை நடத்துபவர்கள் சொல்லுங்கள், லோடு இறக்க என்ன ஏற்பாடு, பெரிய லாரிகள் எந்த வழியாகப் போகின்றன? போக்குவரத்துப் பொறியாளர்கள் யாராவது இருந்தால் இன்னொன்று: எங்கள் மெயின் ஸ்ட்ரீட் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, அதை நகராட்சி எடுத்துக்கொண்டால் பராமரிப்புச் செலவு யார் தலையில் விழும்?

அடுத்த வாரம் கருத்துக் கேட்புக் கூட்டம், ஆளுக்குச் சில நிமிடம்தான் தருவார்கள், விவரத்தோடு பேச வேண்டும். எழுத நேரமில்லை என்றால் வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் போதும்.